கண் நீங்கலாக

நிறம் பார்ப்பது என் வேலை. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பின் (தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கம் ஷாப் என்போம்) ஃபினிஷிங் பிரிவில் கலர் மேட்சராக இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு வரும். அதே நிறத்தில் லோடு லோடாகத் தோல் வேண்டும் என்பார்கள். நான் துண்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். நாலைந்து நிறங்களைக் கலந்து மூன்று சாம்பிள் அடித்து, பின்பக்கம் ஏ, பி, சி என்று எழுதி அனுப்புவேன். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடங்குவேன். கையெழுத்து வராமல் நான் ஒரு சொட்டு நிறம்கூட அடித்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் இந்த நல்ல பழக்கம்தான் காரணம்.

எங்கள் பிரிவில் ஸ்பிரே மெஷின் ஓட்டுகிறவர், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவருடைய ஊரில் கெங்கையம்மன் கோயில் விழாக் குழுத் தலைவர். ஷாப்பில் அவர் எனக்குக் கீழே. ஊரில் அவர் சொன்னால் முந்நூறு வீடு கேட்கும். அதனால் நான் அவரைத் தலைவரே என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் பாய் என்பார். இருவருக்கும் இதில் கௌரவம் குறைந்ததில்லை.

எங்கள் பக்கத்துச் சிரசுத் திருவிழாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகப்பன் சொல் கேட்டு மகன் தாயின் தலையை வெட்டிவிடுகிறான். அப்புறம் தாயின் உயிரை வரமாகக் கேட்டு வாங்குகிறான். வாங்கின அவசரத்தில் தலையைக் கொண்டுபோய் வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திவிடுகிறான். அந்த உடல் யாருடையது என்பதில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். தலைவரின் ஊரில் அது தோல் வேலை செய்த பெண்ணின் உடல் என்பார்கள், பெருமையாகவே சொல்வார்கள். வைகாசியில் அந்தத் தாயான அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவந்து கோயிலில் இருக்கும் உடலின் மேல் வைப்பார்கள். அதன் பிறகு கண் திறப்பு. அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஷாப்பிலும் ஆள் இருக்காது, எந்த முதலாளியும் கேட்கவும் மாட்டார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஊர்வலத்தில் மழை பிடித்துக்கொண்டது. காகிதக் கூழில் செய்த தலை ஊறி, முகம் விரிசல் விட்டு, நிறம் போய்விட்டது. வழக்கமாக வண்ணம் பூசுகிறவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. போன வருடம் விழா நெருங்கியபோது தலைவர் என் கலர் லேபுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், நம்ம அம்மன் மொகம் ரொம்ப டல்லாய்டுச்சு. நீங்கதான் மேட்ச் பண்ணித் தரணும்."

"சாம்பிள் இருக்கா?"

"இன்னா பாய், அம்மனுக்குப் போய் சாம்பிள் கேக்குறீங்க?"

"எந்த மஞ்சள்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்துவிட்டுப் பழைய விழாப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். படமே வெளுத்திருந்தது. என்னை ஏன் கேட்டார் என்றால், லேபில் வேலை இல்லாதபோது நான் ஆட்களின் முகத்தை வரைவேன். உயிருள்ளவற்றை வரையக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன்தான். வெள்ளிக்கிழமைகளில் வரைவதை மட்டும் நிறுத்தியிருந்தேன். என்னால் முடிந்த திருத்தம் அவ்வளவுதான்.

வழக்கப்படி மூன்று சாம்பிள் அடித்தேன். ஏ, சுத்தமான மஞ்சள். பி, மஞ்சளில் கொஞ்சம் சிவப்பு. சி, குங்குமத்துக்குப் பக்கத்தில் போகிற மஞ்சள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழாக் குழுவினர் ஏழு பேரும் வெயிலில் நின்று பார்த்தார்கள். ஏழு பேருமே தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் கட்டைவிரலால் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒருவர் மடக்கிப் பார்த்து விரிசல் விழவில்லை என்றார். ஒருவர் மோந்து பார்த்தார். ஏ வேண்டும் என்று மூன்று பேர், பி என்று நாலு பேர். அரை மணி நேரம் வாக்குவாதம் ஆகி பி ஜெயித்தது. பின்பக்கம் ஏழு கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்கள். அம்மன் முகத்து நிறத்தை ஆட்டுத் தோலில் அடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்பது அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நிறத்தை வேறு எதில் அடித்துக் காட்டுவது?

ஆனால் தலையைத் தோல் ஷாப்புக்குள் கொண்டுபோகக் கூடாது, தீட்டு என்பதில் குழு கறாராக இருந்தது. அதனால் அது என் வீட்டு மாடிக்கு வந்தது. ஷூ அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டிய பெரிய பெட்டியில், புதுத் துண்டால் சுற்றி, தலைவரே பைக்கின் பின்னால் உட்கார்ந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். என் மனைவி கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் இருப்பாங்க?"

"ஒம்போது நாள்," என்றேன்.

தலைவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நெளிந்தார். "அண்ணி, அதுவரைக்கும் கறி மட்டும் கொஞ்சம்..."

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒத்துக்காததை யாராவது சமைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் பருப்பு. விருந்தாளி எதுவும் சாப்பிடவில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

அப்போது என் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மேல்விஷாரம். விழா முடிந்து மூன்று வாரத்தில் தேதி. எங்கள் பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து, இன்ன பெண் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவள், ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி மேல்விஷாரம் ஜமாத்துக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அங்கே நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் பெயர் ஏறாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

முகம் வரையும்போது கண்ணைத்தான் முதலில் முடிப்பது என் வழக்கம். கண் அமைந்துவிட்டால் மற்ற நிறங்களை அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பழைய கண்கள் மழையில் கரைந்துபோயிருந்தன. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே, மகள் எதிரே உட்கார்ந்து வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் தலையின் மேல் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் நிமிரும்போதெல்லாம் தெரிந்தது அவள் கண்கள்தான். அதையே வரைந்தேன். வேறு யாருடைய கண்ணும் எனக்கு அவ்வளவு மனப்பாடம் கிடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இது நான்."

"ஆமா. ஆடாம உக்காரு."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைக்கவும் செய்தாள். கண் முடிந்ததும் அதன் மேல் மாஸ்க்கிங் டேப்பை அளவாக வெட்டி ஒட்டிவிட்டு, முகத்துக்கு ஸ்பிரே கன்னால் மஞ்சள் அடித்தேன். டெலிவரி வரைக்கும் டேப்பை எடுக்க மாட்டேன், கீறல் விழும்.

இங்கேதான் என் தவறு. கண்ணில் கருமணியை மட்டும் வைக்காமல் விட வேண்டும், அதை விழா அன்று தலையை உடலில் வைத்த பிறகு, விரதம் இருந்தவர்தான் வைப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வார்கள்? கட்டியிருக்கும் துணியை அவிழ்ப்பதுதான் சடங்கு என்று நான் நினைத்திருந்தேன். கருமணி, அதற்குள் வெளிச்சப் புள்ளி, இமையோர ஈரம் வரை எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். அரைகுறையாக நான் எந்த ஆர்டரையும் அனுப்பியதில்லை.

ஐந்தாம் நாள் தலைவர் பார்க்க வந்தார். நான் அசர் தொழுதுவிட்டு அப்போதுதான் மாடி ஏறியிருந்தேன், தலையில் தொப்பி. அவர் அம்மன் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். படத்தில் தொப்பியோடு நான், டேப் ஒட்டிய அம்மன் முகம், கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக ஏ, பி, சி. விழாக் குழுவின் வாட்ஸப்பில் "நம்ம பாய் கைவண்ணம்" என்று எழுதிப் போட்டார். அவர் மனதில் கள்ளம் இல்லை. படம் ராத்திரிக்குள் வேலூர் போய்விட்டது. எங்கள் பள்ளிவாசலுக்குப் போக அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் வேலூரிலிருந்து ஒரு காரில் ஐந்து பேர் வந்தார்கள். மதத்தைக் காக்கிற ஏதோ ஓர் அமைப்பு. கோயில் எங்கே இருக்கிறது என்று வழியில் மூன்று இடத்தில் கேட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. தலைவர் எனக்குப் போன் செய்து அந்த சாம்பிள் துண்டுகளை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வரச் சொன்னார். போனேன். ஐவரில் முன்னால் நின்றவர் ஒரு வக்கீல், இஸ்திரி கலையாத சட்டை.

"மாட்டுத் தோல்ல அம்மன் கலரைப் பூசிக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா?"

"மாட்டுத் தோல் இல்ல சார்," என்றேன். "ஆட்டுத் தோல்."

தகவல் சரியானதுதான். ஆனால் அது அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. தலைவர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடு எங்க அம்மனுக்கு ஆகாதுன்னு யாரு சொன்னது? போன வருஷம் பதினோரு கெடா வெட்னோம்."

"அதையும் நிறுத்தணும். அதை அப்புறம் பேசலாம்," என்றார் வக்கீல்.

அதுவரை எனக்கும் அந்த ஐவருக்கும் நடுவில் இருந்த பிரச்சினை, அந்த நிமிடத்தில் ஊருக்கும் அந்த ஐவருக்கும் நடுவில் போய்விட்டது. கெடா நேர்ந்துவிட்டிருந்த பெண்கள் இரண்டு பேர் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள். வக்கீலுக்கு நிலைமை புரிந்தது. குரலைத் தணித்து ஒரு சமாதானத்துக்கு வந்தார். விழாவுக்கு நாலே நாள்தான் இருக்கிறது, முகம் இருந்துவிட்டுப் போகட்டும். போனில் படத்தைப் பெரிதாக்கி டேப்பைக் காட்டினார்.

"கண்ணு இன்னும் வைக்கல இல்ல? கண்ணை மட்டும் நம்ம ஆளு வைக்கணும். நெமிலிப் பக்கம் ஒரு சிற்பி இருக்கார், நாங்க கூட்டிட்டு வர்றோம்."

அப்போதுதான் கருமணி விஷயம் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சுற்றிலும் எல்லார் முகத்திலும் அப்பாடா என்று ஒரு தெளிவு. தலைவர் என் தோளைத் தட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஜமாத் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி எழுபது வயதைத் தாண்டியவர், தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கூட மூன்று பேர். என் மகளின் கடிதம் டைப் அடித்து மேஜை மேல் தயாராக இருந்தது. முத்திரை மட்டும்தான் குத்தவில்லை.

முதலில் மார்க்கச் சட்டம் பேசினார்கள். தலை இல்லாத உருவம் என்றால் அதில் உயிர் இல்லை, குற்றம் குறைவு என்று ஒருவர் எனக்குச் சாதகமாக ஆரம்பித்தார். நான் வரைந்தது உடம்பில்லாத தலை என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். முதலாமவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதைப் பற்றிக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். மூன்றாமவர் போனில் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு இல்ல," என்றார். "டேப்தான் இருக்குது. கண்ணு இல்லன்னா அது முழு மொகம் இல்லையே."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். முத்தவல்லி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கண்ணு வரையல, வரையவும் மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு தம்பி. பேசுறவங்க வாயை அடைக்கணும் இல்ல."

என் மகளின் கடிதம் என் கையிலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள், அன்றைக்கும் அழகாகத்தான் வந்தது. முத்தவல்லி அதைப் படித்துவிட்டு மகளின் கடிதத்தில் முத்திரை குத்தினார். தாளின் நகல் ஒன்றையும் என்னிடம் கொடுத்தார்.

கண்ணை நான் வரையக் கூடாது என்பதில் வேலூரிலிருந்து வந்தவர்களும் எங்கள் ஜமாத்தும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்திருந்தால் சேர்ந்து டீ குடித்திருப்பார்கள்.

வீட்டில் மகள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கூட இருந்த நகலையும் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"வரையலன்னு எழுதியிருக்கீங்க."

"உன் லெட்டருக்காகத்தாம்மா."

"எனக்காகப் பொய் சொன்னீங்க, சரி. நாலு பேர் முன்னாடி என் கண்ணையே இல்லன்னு சொல்லிட்டீங்களேப்பா."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினாள். நான் செய்த பெரிய காரியம் என்று அந்தக் கண்களைத்தான் அவள் நினைத்திருக்கிறாள். நான் அதை ஒரு முத்திரைக்கு விற்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கல்யாணத்துக்காகத்தானே செய்தேன் என்று கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போதுவரை தெரியவில்லை.

தலைவரிடம் சனிக்கிழமை ஷாப்பில் சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். ஒரு லாட் தோலின் நடுவில் அவர் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"முழுக்கவா பாய்?"

"முழுக்க. கருமணி, வெளிச்சப் புள்ளி, எல்லாம்."

அவர் முகக் கவசத்தைக் கழற்றி ரொம்ப நேரம் அதைத் துடைத்தார். "அந்த டேப்பை மட்டும் எடுக்காதீங்க," என்றார். பிறகு மெஷினைப் போட்டுவிட்டார். எங்கள் திட்டம் என்று ஏதாவது இருந்தது என்றால் அது அவ்வளவுதான்.

விழா அன்று நான் கோயிலுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். தொப்பி சட்டைப் பையில் இருந்தது. தலை வந்தது. கண்ணின் மேல், டேப்புக்கு மேலே, மஞ்சள் துணி. மேளமும் கூட்டமும், முகத்தைவிட உயரமான மாலைகளும். உடலின் மேல் தலையை வைத்ததும் நெமிலிச் சிற்பி பலகை மேல் ஏறினார். சின்ன வயசுக்காரர், மெலிந்த உடம்பு, மூன்று நாள் விரதம். துணியை அவிழ்த்தார். டேப்பை மெதுவாக உரித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கூட்டத்துக்கு அவருடைய முதுகுதான் தெரியும். நான் ஓரமாக நின்றதால் எனக்குக் கையும் தெரிந்தது. அவர் மைக்கிண்ணத்தைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். தூரிகையை எடுத்தார், மையில் தோய்க்கவில்லை. காய்ந்த தூரிகையைக் கண்ணுக்கு முன்னால் காற்றில் இரண்டு தடவை அசைத்தார். கும்பிட்டு இறங்கினார். கற்பூரம் ஏற்றினார்கள், கூட்டம் ஒரே குரலில் கத்தியது. தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் செய்த ஒன்றை அத்தனை பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அடுத்த நிமிடம் அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதையும் மனதாரத்தான் சொன்னேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சிற்பி நேர்மையானவர். உள்ளூர் யூடியூப்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, கண் இவ்வளவு உயிரோடு இருக்கிறதே என்று அவரைப் பாராட்டியிருக்கிறார். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அது நான் வெச்ச கண்ணு இல்லைங்க. டேப்பை எடுத்தா அம்மா ஏற்கெனவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு மேல நான் கை வெச்சா தப்பு. யாரு வெச்சாங்களோ அவங்களுக்கு என் வணக்கம்." கெட்டவர்களிடம் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி நல்லவர்களிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை.

வேலூர்க்காரர்கள் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அம்மன் ஊரைப் பார்த்தாயிற்று, பார்த்ததைத் திருப்பி வாங்க முடியாது, அடுத்த வருஷம் பேசலாம் என்று குழு பதில் சொன்னது. வக்கீலுக்கு அதற்குள் நாட்றம்பள்ளிப் பக்கத்தில் வேறு வேலை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் எனக்குப் போன் செய்தார். நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. அந்தத் துண்டு ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?"

"ஆட்டுத் தோல்தான்."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார். அவர் ஆட்டுத் தோல் வியாபாரி. எது சரி என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முத்தவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜை மேல் நான் எழுதிக்கொடுத்த தாள் இருந்தது.

"நீ வரைஞ்சது உனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல. அதை நான் பேசல," என்றார். "இந்தப் பேப்பர் உனக்கும் எனக்கும் நடுவுல. உன்னை நம்பித்தான் முத்திரை போட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்ணு லெட்டரை நிறுத்த மாட்டேன், அவ ஒண்ணும் பண்ணல. ஆனா பள்ளிவாசல்ல உக்காந்து பொய் எழுதினவன் நிக்காஹ்ல வக்கீலா போய் சம்மதம் கேக்க வேணாம். உன் தம்பி கேக்கட்டும்."

எங்களில் பெண்ணிடம் சம்மதம் கேட்க, வக்கீலாக ஒருவரும் சாட்சிகளாக இரண்டு பேரும் பெண்கள் பக்கம் போவார்கள். எங்கள் குடும்பத்தில் தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் போய்க் கேட்டதில்லை. சரி சாப் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் பாலாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மகளிடம் விஷயத்தை மனைவிதான் சொன்னாள். அவள் அன்று பூரா துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் மனைவி சொன்னாள்.

நிக்காஹ் மேல்விஷாரத்தில் ஒரு ஷாதி மஹாலில் நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தலைவர், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். முன்னால் மாப்பிள்ளை, தஃப்தரை விரித்து வைத்துக்கொண்டு நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத், அவர் பக்கத்தில் எங்கள் முத்தவல்லி. என் தம்பி இரண்டு சாட்சிகளோடு திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போனான்.

போனவன் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது முகம் வெளிறியிருந்தது. முத்தவல்லியின் காதில் ஏதோ சொன்னான். அவர் நிமிர்ந்து பார்க்காமல் இன்னொரு தடவை போகச் சொன்னார். மறுபடி போய் வந்தான். மூன்றாவது தடவையும் போய் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. பெண்ணுக்கு இஷ்டம் இல்லையா என்று யாரோ கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். தாளில் நான் எழுதிய அந்த ஒரு வரி இவள் கல்யாணத்தையே கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன்.

"இன்னாச்சு பாய்?" என்றார் தலைவர் மெதுவாக. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி இப்போது எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான். "அவங்க அப்பா வந்து கேட்டாத்தான் பதில் சொல்வேன்னு சொல்றா சாப். வேற யாரு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாளாம்."

ஹஜ்ரத் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. முத்தவல்லி தாடியைத் தடவிக்கொண்டு கீழே ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி மூன்றாவது வரிசையில் என்னைத் தேடினார்.

"போ," என்றார். "போய்க் கேளு."

எழுந்து நடந்தேன். திரைக்குப் பின்னால் பெண்கள் விலகி வழி விட்டார்கள். மகள் சிவப்புத் துப்பட்டாவோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் என் மனைவி. நான் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவர் தகப்பன் பெயரைச் சொல்லி, மஹர் தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை.

"கேக்கலப்பா," என்றாள்.

மறுபடி கேட்டேன். அது எனக்கே கேட்டது.

அவள் தலையை நிமிர்த்தினாள். "எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கேக்கணும். சத்தமா கேளுங்க."

மூன்றாவது தடவை சத்தமாகக் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு நின்றது. அவள் என்னைவிடச் சத்தமாகச் சம்மதம் என்றாள்.